பன்னிரண்டு வயது டயர்

1

இதை ஊரில் உட்கார்ந்து படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கார் இருந்தால் முதலில் எழுந்து போய் அதன் டயரைப் பார்த்துவிட்டு வாருங்கள். தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை; அதை எல்லோரும் பார்க்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் பெயரும் அளவுமாக நிறைய எழுத்து இருக்கும். அவற்றுக்கு நடுவே முட்டை வடிவத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் அந்த டயர் செய்யப்பட்ட வாரம். கடைசி இரண்டும் ஆண்டு. வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனால், புதிது போலப் பளபளத்தாலும் கழற்றி எறிய வேண்டும். நாங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வது இதுதான்.

நாங்கள் என்றால் நானும் என்னோடு வேலை செய்பவர்களும். நான் நியூசிலாந்தில், ஹாமில்டன் நகரத்தில், ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுத எனக்குப் பதின்மூன்று வருடம் ஆயிற்று. அதை எழுத வைத்த நாள் போன வருடம் மே மாதத்தில் வந்தது. இந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது.

2

காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு ஓரிக்கைப் பக்கம். அப்பா மாகறலில் மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்து வளர்ந்தவர். பிறகு நகரத்துக்கு வந்து மூட்டை தூக்கினார். எங்கள் தெருவில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த முதல் ஆள் நான். வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது என் அக்காவின் கணவர், சாலமன் மாமா, தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார். கோட்டுப் போட்ட என் படம். கீழே, “நியூசிலாந்து செல்லும் எங்கள் தெருவின் முதல் எஞ்சினியர்.” என்னிடம் கோட்டு கிடையாது. ஸ்டூடியோக்காரர் வேறு யாருடைய உடம்பிலோ என் தலையை வைத்திருந்தார். சர்ச்சில் எனக்காக எழுந்து நின்று ஜெபித்தார்கள்.

இங்கே வந்ததும் படிப்பை அங்கீகரிக்கும் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கல்லூரியிலிருந்து நேரடியாக முத்திரையிட்ட உறை வர வேண்டும் என்றார்கள். நான் படித்த கல்லூரியை அதற்குள் மூடியிருந்தார்கள். மூடிவிட்டார்கள் என்பதற்கு ஒரு கடிதம் வேண்டும், அதுவும் கல்லூரியிலிருந்தே வேண்டும் என்று பதில் வந்தது. இதைப் படித்துவிட்டு நானும் என் மனைவியும் சமையலறையில் நின்று சிரித்தோம். மூன்றாம் மாதம் சிரிக்க முடியவில்லை. டயர் கடையில் ஆள் தேவை என்று எழுதியிருந்தார்கள், போனேன். தற்காலிகம் என்று நினைத்துத்தான் போனேன்.

“வேலை எப்படிடா?” என்று அக்கா போனில் கேட்டபோது, “கார் கம்பெனில டிராயிங் போடறேன்க்கா” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்தது. ஒருமுறை சொன்ன பிறகு அதற்கு ஏற்றபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மேலதிகாரி, மீட்டிங், ப்ராஜெக்ட் என்று ஒரு முழு அலுவலகத்தையே கட்டிவிட்டேன்.

என் மகள் ஷெரின் இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள். பள்ளிக்கு என்னைக் கடைச் சட்டையோடுதான் வரச் சொல்வாள். அவளுக்கு இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவே இல்லை. போன வருடம் பதினெட்டு வயது முடிந்து, ஊரைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினாள். விமான நிலையத்தில், “அங்க என் வேலையைப் பத்தி யாராவது கேட்டா…” என்று ஆரம்பித்தேன். “ஐ நோப்பா” என்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

ஊர் போன பிறகு நான் நாலு வரி எழுதினால் அவளிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வரும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

3

அந்த நாள் வெள்ளிக்கிழமை. மாமாவின் தம்பி மகளுக்குப் பெங்களூரில் கல்யாணம். மாமா, அக்கா, ஷெரின் மூவரும் மாமாவின் காரில் விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. மாமா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் என்றால் அவருக்கு உயிர். சர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார், மற்றதுக்கெல்லாம் ஸ்கூட்டர். தினமும் துடைப்பார். வீட்டுப் பக்கம் நிழல் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து அது காஞ்சிபுரத்து வெயிலில்தான் நிற்கிறது.

இங்கே மதியம் ஒரு மணி, ஊரில் காலை ஆறரை. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஷெரினிடமிருந்து படம் வந்தது. ஓச்சேரியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு நாய்க்குட்டி காரின் பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தூங்குகிறது. என் மகள் கீழே உட்கார்ந்து மிக அருகில் வைத்து எடுத்திருக்கிறாள். “சோ க்யூட்” என்று எழுதியிருந்தாள்.

பதினோரு நாளில் அவளாக அனுப்பிய முதல் படம். சந்தோஷமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாய்க்குட்டியின் காதுக்கு மேலே டயர் தெரிந்தது. விளிம்பை ஒட்டி நுண்ணிய கோடுகள், விரலை மடக்கினால் மூட்டின் மேல் விழுமே, அந்த மாதிரி. என் கட்டைவிரல் தானாகவே படத்தை நகர்த்தியது. முட்டை வடிவக் கட்டம். நான்கு எண்கள்.

ஷெரின் இங்கே பள்ளியில் சேர்ந்த ஆண்டு. பன்னிரண்டு வருடம் கடந்த டயர். காரோடு வந்ததையே இன்னும் மாற்றவில்லை.

இப்படி டயர் வந்தால் எங்கள் கடையில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். எண்ணைத் தொட்டுக் காட்டி, இதோடு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள் என்று சொல்வோம். ரப்பர் ஓடித் தேய்வது ஒன்று. நின்றபடியே வெயிலில் காய்ந்து உயிர் போவது இன்னொன்று. ஊருக்குள் மெதுவாகப் போகும்வரை தாங்கும். மே மாதத் தாரில், நூறு கிலோமீட்டர் வேகத்தில், மூன்று பேரும் பெட்டிகளுமாகப் போகும்போது உள்ளே சூடு ஏறும். பட்டை பட்டையாகப் பிரியும். பிரிந்து வந்த டயர்களைக் கையில் எடுத்திருக்கிறேன். அந்த வண்டிகளில் சிலவற்றையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது வேறு ஒன்றும் நினைவு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஊருக்குப் போனபோது மூன்று வாரம் இதே காரில் சுற்றினேன். கூரத்துக்குப் போனோம், திருமுக்கூடல் போனோம். ஒரு நாள்கூட நான் குனிந்து டயரைப் பார்க்கவில்லை. மறந்துபோய் அல்ல. குனிந்தால் என் கை தானாக டயரைத் தடவும், அழுத்தும். பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். வெள்ளைச் சட்டையோடு பின்சீட்டில் ஏறி ஏறி உட்கார்ந்தேன்.

4

ஷெரினை அழைத்தேன். எடுக்கவில்லை. அக்காவை அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. அக்காவின் போன் எப்போதும் கைப்பையின் அடியில் இருக்கும், கைப்பை எங்கே இருக்கும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். மாமாவை அழைத்தேன். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்குச் சபித்தேன்.

“வண்டியை நிறுத்துங்கள், டயர் சரியில்லை” என்று மூவருக்கும் எழுதினேன். போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது, யாரும் படிக்கவில்லை. மறுபடி ஷெரின், மறுபடி அக்கா, மறுபடி மாமா. தூங்குகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். அடுத்த நிமிஷம், எடுக்கும் நிலையில் இல்லை என்று நினைப்பேன்.

ஃபோர்மேன் வந்து எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. படத்தை நீட்டினேன். நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “யாருடைய வண்டி?” என்று கேட்டார். என் மகள் அதில் இருக்கிறாள் என்றேன். என் அருகில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, “நீ போனைப் பார்” என்று உள்ளே போனார்.

நெடுஞ்சாலை உதவி எண்ணை முயன்றேன். நாலு இலக்க எண் வெளிநாட்டிலிருந்து போகாது. இணையத்தில் தேடி, வழியில் இருக்கும் ஒரு போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் எண்ணைப் பிடித்தேன். ஒருவர் எடுத்தார். வண்டியின் நிறம், எண், போகும் திசை எல்லாம் சொன்னேன். டோல்கேட்டில் யாராவது நிறுத்தச் சொன்னால் போதும் என்றேன்.

“ஆக்சிடென்ட் எங்க நடந்துச்சு?”

“இன்னும் நடக்கல சார்.”

“நடக்கலையா? வண்டி திருட்டுப் போயிடுச்சா?”

“இல்ல சார், டயர் ரொம்பப் பழசு. போட்டோல பாத்தேன்.”

“போட்டோல பாத்தீங்களா?”

“யா.”

“இன்னாது?”

“யா, யா, போட்டோலதான்…”

“யாரைய்யா யாங்கற நீ? எந்த ஊருலருந்து பேசற? டியூட்டில இருக்கறவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?”

பன்னிரண்டு வருடமாக வாயில் ஒட்டிக்கொண்ட ‘யா’. “சார், மன்னிச்சுக்குங்க, அது இங்கிலீஷு சார், ஆமான்னு அர்த்தம்” என்று கெஞ்சினேன். “நடக்காததுக்கு நாங்க இன்னா பண்றது? எதுனா நடந்தா கூப்புடுங்க” என்று வைத்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. என் தமிழும் என் ஆங்கிலமும் இரண்டுமே அன்றைக்கு எனக்கு உதவவில்லை.

கடைக்குப் பின்னால் கழித்துப் போட்ட டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அவற்றின் நடுவில் முழங்கால் போட்டேன். எந்த ஜெபமும் நினைவுக்கு வரவில்லை. ரீடயல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

5

இரண்டரை மணிக்கு ஷெரினே அழைத்தாள்.

“அப்பா! வாட் ஹேப்பன்ட்? நாப்பத்தொரு மிஸ்டு கால். யாரு செத்துட்டாங்க?”

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தூங்கிவிட்டாளாம். இப்போதுதான் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டினார்களாம். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். காற்றின் இரைச்சலைக் கேட்டே வேகம் தெரிந்தது.

“மாமா, வண்டியை ஓரம் கட்டுங்க.”

“இன்னா மச்சான்? ஓட்டிக்கினு இருக்கேன்பா.”

“டயருக்குப் பன்னெண்டு வயசு மாமா. பின்னாடி டயர்ல வெடிப்பு விட்டிருக்குது. ஷெரின் அனுப்பின போட்டோல பாத்தேன். எப்ப வேணா போயிடும்.”

மாமா சிரித்தார். “ஓடனது மொத்தமே இருபத்தெட்டாயிரம்பா. கிரிப்பு அப்படியே இருக்குது. முந்தாநாள்தான் காத்து புடிச்சேன்.”

“கிரிப்பு இருந்தாலும் ரப்பர் செத்துப் போயிருக்கும் மாமா. வெயில்லயே நின்னுக்கினு இருந்த வண்டி. தயவுசெஞ்சி நிறுத்துங்க.”

“முகூர்த்தத்துக்குப் போறம். நடு ரோட்ல நிறுத்துன்றான் பாரு” என்று அக்காவிடம் சொன்னார். அக்கா, “எதுக்கு இவ்ளோ பதட்டமா பேசறான்? கொஞ்சம் இன்னான்னு கேளேன்” என்றாள்.

“இன்னா கேக்கறது? இவன் அவங்க ஊரு ரூலெல்லாம் இங்க பேசறான்.” மாமாவின் குரல் மாறியிருந்தது. “த பாரு மச்சான். நீ ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல டிராயிங் போடறவன். டயரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன் நானு.”

அடுத்த வாய்தா கிடையாது என்று தெரிந்தது. போனை வைத்தால் அவர் வைத்த கையோடு ஆக்சிலேட்டரை மிதிப்பார்.

“மாமா, நான் டிராயிங் போடறதில்ல.”

“இன்னாது?”

“டயர் கடையில வேலை செய்யறேன். டயர் கழட்டி மாட்டறேன். வந்த வருஷத்துலருந்து இதான் என் வேலை. எஞ்சினியர் இல்ல மாமா. ஒரு நாள்கூட எஞ்சினியரா இருந்ததில்ல. அதனாலதான் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். நிறுத்துங்க.”

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு ஷெரின் பேசினாள். தட்டுத் தடுமாறி, ஆனால் முழுக்கத் தமிழில்.

“உண்மை மாமா. அப்பா டயர் ஷாப்லதான் வேலை. அப்பா தொட்டே சொல்லும், எது நல்ல டயர், எது கெட்ட டயர். எங்க ஊர்ல எல்லாரும் அப்பாகிட்டதான் வருவாங்க. அப்பா சொன்னா நிறுத்தணும் மாமா. ப்ளீஸ்.”

இணைப்பு அறுந்துபோனது. அவர்கள் துண்டித்தார்களா, சிக்னல் போனதா, தெரியவில்லை.

6

இரண்டு மணி நேரம். திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. உள்ளே போய் வேலை செய்தேன். ஒரு சிவப்பு வேனின் முன்சக்கரம் இரண்டையும் மாற்றினேன். எண்ணைப் பார்த்தேன், போல்டை முடுக்கினேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பன்னிரண்டு வருடப் பொய்யை உடைத்தும் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு ஒரு படம் வந்தது. ஆம்பூரில் ஏதோ கடை. கழற்றிய டயர் தரையில் கிடக்கிறது. உள்பக்க விளிம்பில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அதன் மேல் ஷெரின் விரலை வைத்து எடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. கடை திறக்க ஒன்பதுக்கு மேல் ஆகியிருக்கிறது. மெதுவாக ஆம்பூர் வரை உருட்டிக்கொண்டு வந்து, அதுவரை வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு தெரிந்தது.

நான் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ஃபோர்மேன் ஒரு கப் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆம்பூர்க் கடைக்காரரிடம் மாமா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “மாத்தாம போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?” அவர் நேர்மையான ஆள். “பத்து நிமிஷத்துல வெடிச்சிருக்கலாம் சார். இன்னொரு வருஷம்கூட ஓடியிருக்கலாம். யாரும் சொல்ல முடியாது” என்றாராம். டயர் வேலையில் உள்ள துயரம் இதுதான். சரியான நேரத்தில் மாற்றிவிட்டால், அது சரியான நேரம்தான் என்று நிரூபிக்க வழியே கிடையாது.

மாமா அந்த இன்னொரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டார். கல்யாண வீட்டில் தாமதத்துக்குக் காரணம் கேட்டவர்களிடமெல்லாம், “எங்க எஞ்சினியர் மச்சான் ஃபாரின்லருந்து டயர் பாத்தாரு” என்று சொல்லியிருக்கிறார். அதைவிட அதிகமாகவும் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாத எண்களிலிருந்து செய்திகள் வந்தன. ஒருவர் கோட்டுப் போட்ட அந்தப் பேனர் படத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்து அனுப்பியிருந்தார். மாமா இன்றுவரை என்னோடு பேசவில்லை. நாலு டயரையும் மாற்றினார், ஸ்டெப்னியை மாற்றவில்லை.

ஷெரின் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டபோது, “இப்போ யாராவது கேட்டா நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். அதற்கு நான் பதில் சொன்னேன். வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

7

அக்கா பதினேழு நாள் பேசவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. அந்த நாள்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று சொல்லிக்கொள்வேன். போதவில்லை.

பதினெட்டாம் நாள் அவளே அழைத்தாள். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

“அம்மா செத்தப்ப நீ ஏன்டா வரல?”

அம்மா இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. சாவுக்கு நான் போகவில்லை. முக்கியமான ப்ராஜெக்ட், விடுப்பு தரவில்லை என்று சொல்லியிருந்தேன்.

“உண்மையைச் சொல்லு.”

“அப்ப எனக்கு லீவே கிடையாதுக்கா. போனா வேலை போயிடும்னாங்க. அந்த வேலை போனா விசா போயிடும். அதான்.”

“ஆறு வருஷம்டா. ப்ராஜெக்ட்டு பெருசா, பெத்தவ பெருசான்னு ஆறு வருஷமா உன்மேல கோவமா இருந்தேன். உங்கிட்ட சிரிச்சிப் பேசுவேன், வச்சிட்டு உன்னைத் திட்டுவேன். டயர்காரன், விட மாட்டேன்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்காக அழுதிருப்பேனேடா. அதக்கூட எனக்குக் குடுக்கலையே நீ.”

மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அவளே கேட்டாள்.

“ஒரு நாளைக்கு எத்தினி டயரு தூக்குவ?”

“அறுபது இருக்கும்க்கா. சனிக்கிழமைன்னா இன்னும் கூட.”

“வீடியோ போடு.”

போட்டேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே வந்தாள். நான் வழக்கம் போல முகத்தைக் காட்டினேன்.

“மூஞ்சி வேணாம். கையக் காட்டு.”

இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் நீட்டினேன். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு, ரிம் நசுக்கிய நகம், கோணலாகச் சேர்ந்த சுண்டுவிரல். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

“திருப்பு” என்றாள்.

திருப்பினேன்.